சொந்தக் காசில் ஒரு தமிழ் ராக் ஆல்பம்

எட்டுப் பாட்டு, மொத்தம் 34 நிமிடம், செலவு நாலு லட்சத்தைத் தொட்டுவிட்டது. நானே எழுதி, மெட்டுப் போட்டு, கித்தார் வாசித்துப் பாடிய ஆல்பம் போன வருஷக் கடைசியில் வெளியானது. கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள், எனக்கும் பிடித்திருக்கிறது, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நாலு லட்சத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் பாட்டுக்குள் போகவே இல்லை. அலைந்ததிலும் காத்திருந்ததிலும் செய்ததையே மறுபடி செய்ததிலும் போனது. சென்னையில் கித்தார் சொல்லித்தரத் தெருவுக்கு ஒரு வகுப்பு இருக்கிறது. பதிவு செய்த பாட்டு யார் கையில் இருக்க வேண்டும், எந்தப் பெயரில் வெளியே போக வேண்டும், பணம் எந்த வழியாக வரும் என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. எனக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் ஒரு மெடிக்கல் பில்லிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ராத்திரி ஷிஃப்ட் வாரத்தில் தூங்குவேன், பகல் ஷிஃப்ட் வாரத்தில் பாட்டு எழுதுவேன். ஆல்பத்துக்கு என்று தனியாக ஒரு ஆர்.டி. போட்டு வைத்திருந்தேன், வீட்டில் அது கல்யாணத்துக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2017-ல் பா. ரஞ்சித் முன்னெடுத்துத் தொடங்கிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையில் ஏறிய பிறகு, சினிமாவுக்கு வெளியே தமிழில் பாடினாலும் கூட்டம் வரும் என்கிற நம்பிக்கை என்னைப் போல நிறையப் பேருக்கு வந்தது. வீட்டில் மட்டும் அது வரவில்லை. பாட்டு வெளியாகிறது என்று சொன்னால் "எந்தப் படம்?" என்றுதான் பெரியம்மா இன்றைக்கும் கேட்கிறார்.

முதல் பிரச்சினை டிரம்ஸ். சாலிகிராமம், வளசரவாக்கம், வடபழனி பக்கம் ஸ்டூடியோவுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் நான் ஏறி இறங்கியவற்றில் பெரும்பாலானவை டப்பிங்குக்கும், கீபோர்டில் புரோகிராம் செய்த இசைக்கு மேல் குரல் மட்டும் பதிவு செய்யவும் கட்டியவை. குரலுக்கான சின்ன அறைக்குள் ஒரு முழு டிரம் செட்டை வைத்து அடித்தால் டப்பாவைத் தட்டுகிற சத்தம்தான் வரும். உயரமான கூரை, நாலைந்து ஆள் நடமாட இடம், ஒரே நேரத்தில் எட்டு மைக்கையாவது கம்ப்யூட்டருக்குள் இழுக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டி, இந்த மூன்றும் இருக்கிற இடம் கிடைக்க அலைய வேண்டியிருந்தது. கிடைத்த இடத்தில் மணிக்கணக்கில் வாடகை, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஃபோனில் விலை கேட்கும்போது ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா என்று கேட்டுவிடுங்கள், ஒரு லட்ச ரூபாய் வேலைக்கு அதுவே 18,000.

அங்கே என்ன ஆனது என்றால், வாடகை மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் அரைநாள் பாட்டே வாசிக்கவில்லை. ஸ்டூடியோ செட்டில் ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மின் ஸ்கின் (தோல்) நடுவில் குழி விழுந்திருந்தது, கிக் பெடல் ஒவ்வொரு அடிக்கும் கீச் கீச் என்றது, அந்தக் கீச் மைக்கில் அழகாக விழுந்தது. டிரம்ஸ் வாசித்த தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் தாண்டி மவுண்ட் ரோடு வரைக்கும் போய் புது ஸ்கின் வாங்கி வந்து மாட்டி, டியூன் செய்து, மைக் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து முடிக்க மூன்று மணி ஆகிவிட்டது. ஸ்கின், ஸ்னேர், பெடல், சிம்பல் இவற்றை டிரம்மரே தன்னுடையதைக் கொண்டுவந்துவிடட்டும், ஸ்டூடியோவில் இருப்பது மரக்கூடு மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு போங்கள். ஸ்டூடியோவுக்குப் போவதற்கு முன் ஜாம் ரூமில் (ஒத்திகை அறையில்) கிளிக்கோடு, அதாவது காதில் ஒரே வேகத்தில் தட்டுகிற தாளத்தோடு, வாசித்துப் பழகிவிடுங்கள், ஜாம் ரூம் மணிக்குச் சில நூறு ரூபாய், ஸ்டூடியோ ஆயிரங்களில். கிளிக் இல்லாமல் ஃபீலுக்காக வாசிக்கிறோம் என்பதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும், பிறகு ஒரு வரியை வெட்டி ஒட்ட வேண்டும் என்று வரும்போது உயிர் போகும்.

கித்தாரும் குரலும் என் வீட்டிலேயே எடுத்தோம், மே மாதத்தில். ஏசி ஓடினால் அதன் உறுமல் குரலுக்கு அடியில் உட்கார்ந்துகொள்கிறது, அதனால் ஒவ்வொரு டேக்குக்கும் ஏசியை நிறுத்த வேண்டும். நிறுத்தி ஐந்து நிமிடத்தில் வியர்வை கித்தார் கழுத்தில் வழியும், ஈரப்பதத்தில் கம்பி இறங்கும், ட்யூனரை எடுத்து மறுபடி ஏற்றி, துண்டால் துடைத்து, மீண்டும் கிளிக். இதற்கு நடுவில் கீழ் வீட்டில் மிக்ஸி. எலக்ட்ரிக் கித்தாருக்கு ஆம்ப்ளிஃபையர் சத்தத்தை மைக்கில் எடுத்தாலும் கூடவே, கித்தாரை மைக் இல்லாமல் நேராக இணைக்கிற டிஐ பாக்ஸ் வழியாகச் சுத்தமான சிக்னலையும் தனி டிராக்கில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று பேஸ் வாசித்த நண்பர் சொன்னார். அந்த ஒரு யோசனைக்கு அவருக்குக் கோயில் கட்டலாம். பிறகு ஆம்ப்ளிஃபையர் சத்தம் சரியில்லை என்று தெரிந்தபோது ஒரு நோட்டுகூட மறுபடி வாசிக்காமல் அந்த டிஐ டிராக்கையே வேறொரு நல்ல ஆம்ப்ளிஃபையரில் ஓட்டி எடுத்துக்கொண்டோம்.

அடுத்தது மிக்ஸிங், அதாவது தனித்தனியாகப் பதிந்ததையெல்லாம் அளவு பார்த்து ஒன்றாகக் கலப்பது. இதில்தான் என் தூக்கம் போனது. சினிமாவில் நிறைய வேலை செய்த, உண்மையிலேயே நல்ல காது உள்ள ஒருவரிடம் கொடுத்தேன். அட்வான்ஸ் 60,000. முதல் பாட்டு வந்தது, கேட்டால் என் குரல் எல்லாவற்றுக்கும் மேலே தனியாக நின்றது, கித்தாரும் டிரம்ஸும் பின்னால் எங்கேயோ அடுத்த தெருவில் வாசிப்பதுபோல. சினிமாப் பாட்டுக்கு அது பழகிய கணக்கு. வரி ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்க வேண்டும், தியேட்டரிலும் ஆட்டோ ஸ்பீக்கரிலும் கேட்க வேண்டும். ராக்கில் குரல் கித்தாருக்கு நடுவில் முண்டியடித்துக்கொண்டு வர வேண்டும், சில இடத்தில் வார்த்தை பாதி அமுங்கினாலும் பரவாயில்லை. இதை வாயால் விளக்குவது ரொம்பக் கஷ்டம். "இன்னும் கொஞ்சம் ரா-வா வேணும் சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், அவருக்கு எரிச்சல் வந்தது, நியாயம்தான். மிக்ஸ் செய்பவரிடம் கொடுக்கும்போதே இந்த மாதிரி வேண்டும் என்று இரண்டு மூன்று பாட்டை உதாரணமாகக் கொடுத்து, அதில் எது வேண்டும் (ஸ்னேரா, குரல் நிற்கும் இடமா, ரிவர்ப் என்கிற எதிரொலியின் அளவா) என்று எழுதியே கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை வராது. ஒரு பாட்டுக்கு எத்தனை திருத்தம், அதற்கு மேல் போனால் என்ன கட்டணம் என்பதையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாட்டு பாதியில் இருக்கும்போது அவருக்குப் பெரிய படம் ஒன்று வந்துவிட்டது. அதன்பிறகு ஃபோன் எடுப்பது நின்றது. முதலில் "அடுத்த வாரம்மா", பிறகு நீல டிக், பிறகு நீல டிக்கும் இல்லை. பணம் போனதைவிடப் பெரிய பயம், டிரம்ஸ் எடிட் செய்து சீர்படுத்திய ஃபைல் எல்லாம் அவர் ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் இருந்தது. என்னிடம் இருந்தது எடிட் செய்யாத பழைய பதிவு. மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. கோபம் ஒரு பக்கம், இந்த ஊரில் இவர்களைப் பகைத்துக்கொண்டால் நாளைக்கு யார் வேலை செய்வார்கள் என்கிற கேவலமான பயம் இன்னொரு பக்கம். கடைசியில் அவருடைய உதவியாளர் பையன் இரக்கப்பட்டு, "அக்கா நீங்க ஒரு எஸ்எஸ்டி எடுத்துக்கிட்டு சாயங்காலமா வாங்க" என்றான். வாசலிலேயே நின்று காப்பி செய்து வாங்கிக்கொண்டு வந்தேன். அட்வான்ஸில் ஒரு பைசா திரும்பவில்லை.

அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு நாள் பதிவு முடிந்ததும், எஞ்சினியர் டீ குடிக்கப் போவதற்குள், அன்றைய செஷனை (பதிவான ஃபைல்கள் அத்தனையையும்) உங்கள் எஸ்எஸ்டியில் காப்பி செய்துகொள்ளுங்கள். புரோ டூல்ஸோ லாஜிக்கோ அந்த மென்பொருளின் ஃபைல் மட்டும் போதாது, ஒவ்வொரு டிராக்கும் பாட்டின் ஆரம்பத்திலிருந்தே தொடங்குகிற தனித்தனி வேவ் ஃபைலாக வேண்டும், அப்போதுதான் எந்த மென்பொருளில் போட்டாலும் அதனதன் இடத்தில் உட்காரும். பாட்டின் டெம்போ, ஸ்ருதி, சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்கிற எண்) மூன்றையும் ஃபோல்டர் பெயரிலேயே எழுதுங்கள். பணத்தைப் பாட்டுக்குப் பாட்டு கொடுங்கள், மொத்தமாக வேண்டாம். முடிந்த மிக்ஸ் வாங்கும்போதே குரல் இல்லாத பதிப்பு, குரல் மட்டும் உள்ள பதிப்பு, ஸ்டெம் (டிரம்ஸ் தனி, கித்தார் தனி என்று பிரித்த ஃபைல்கள்) எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து மேடைக்கோ ஒரு குறும்படத்துக்கோ குரல் இல்லாத டிராக் வேண்டும் என்று போய் நின்றால் அது தனிக் கட்டணம்.

சாம்பிள் ரேட் என்று சொன்னேன் அல்லவா, அதற்கும் ஒரு கதை இருக்கிறது. இரண்டாவது மிக்ஸ் எஞ்சினியர் பெங்களூரில் இருப்பவர், ஃபைல் அனுப்பி வேலை. முதல் பாட்டு அனுப்பினார், போட்டால் என் குரல் ஜலதோஷம் பிடித்த ஆண்குரல் மாதிரி இருந்தது, பாட்டு இழுத்துக்கொண்டு நடந்தது. அவர் வேண்டுமென்றே செய்த எஃபெக்ட் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் அதை ரசிக்க முயன்றேன், சத்தியமாக. பிறகுதான் பிடிபட்டது. நாங்கள் பதிவு செய்தது 48 கிலோஹெர்ட்ஸில், அவர் செஷன் 44.1-ல் இருந்திருக்கிறது, மாற்றாமல் அப்படியே திறந்ததால் பாட்டு மெதுவாகி ஸ்ருதி ஒன்றரை செமிடோன் இறங்கிவிட்டது. சரிசெய்ய ஒரு நிமிட வேலை. ஆனால் அவரும் அந்தத் தப்பு ஸ்ருதியிலேயே உட்கார்ந்து ஆட்டோமேஷன் (இடத்துக்கு இடம் சத்தம் தானாக ஏறி இறங்கும் ஏற்பாடு) எல்லாம் போட்டிருந்தார், அதையெல்லாம் மறுபடி செய்தார், பாவம். கலந்த பாட்டுக்குக் கடைசி மெருகு போடும் மாஸ்டரிங்கில் இன்னொன்று: சத்தத்தை ஏற்று ஏற்று என்று கேட்காதீர்கள். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் -14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்படுத்தித்தான் சாதாரணமாக ஒலிபரப்புகிறது, நீங்கள் நசுக்கி ஏற்றிய சத்தத்தை அது இறக்கிவிடும், நசுங்கினது மட்டும் மிஞ்சும்.

இடையில் உரிமைச் சமாச்சாரம் ஒன்று. ஒரு பாட்டின் முக்கியமான கித்தார் வரி, நான் வாசித்ததல்ல, வாசிக்க வந்த நண்பர் அந்த இடத்திலேயே போட்டது. கூலி கொடுத்தேன், வாங்கிக்கொண்டார், சாப்பிட்டோம், முடிந்தது. மாஸ்டர் கேட்டபிறகு "இதுல எனக்கும் ஒரு பங்கு வரணும் இல்ல?" என்று கேட்டார். சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தப் பாட்டுக்கு இசையில் நாலில் ஒரு பங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம், நட்பு அப்படியே இருக்கிறது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். பாட்டு ஸ்ட்ரீமிங்கில் உலகம் முழுக்கப் போகிறது, ஆகவே இரண்டையும் எழுதிவிடுங்கள். ஒலிப்பதிவைப் பொறுத்தவரை, அதை முன்கை எடுத்துப் பொறுப்பேற்றுச் செய்தவர்தான் சட்டப்படி தயாரிப்பாளர். செலவு செய்தது நீங்கள் என்பதற்கு ரசீது, பேங்க் பரிமாற்றம் இருக்கட்டும், ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள். வாசிக்க வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கத் தாள், தமிழிலேயே எழுதலாம். பதிவுக்கு முன்னாடி கேட்டால் சிரித்துக்கொண்டே போடுவார்கள், பாட்டு ஓடியபிறகு கேட்டால் அது பஞ்சாயத்து.

சரி, பாட்டு தயார். இனி டிஸ்ட்ரிபியூட்டர். நாமே நேராக ஸ்பாட்டிஃபையிலோ ஆப்பிள் மியூசிக்கிலோ போட முடியாது, நடுவில் ஒரு கம்பெனி வேண்டும். சிலர் வருஷச் சந்தா வாங்குவார்கள், சிலர் ஒரு ஆல்பத்துக்கு ஒருமுறை கட்டணமும் வருகிற பணத்தில் சதவீதமும். சந்தா முறையில் பணம் கட்டுவதை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடக்கூடும், அதை முதலிலேயே படித்துப் பாருங்கள். பாட்டு ஒவ்வொன்றுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்து எண் கொண்ட ஓர் அடையாளம் வரும், அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது அதே ஐஎஸ்ஆர்சியோடு, அதே ஆடியோவோடு ஏற்றினால்தான் பழைய எண்ணிக்கை கூட வரும், இல்லாவிட்டால் பூஜ்யத்திலிருந்து.

2015-லிருந்து உலகம் முழுக்கப் புதுப் பாட்டு வெள்ளிக்கிழமை வெளியாவது வழக்கம், நானும் வெள்ளிக்கிழமைதான் வைத்தேன். வியாழன் ராத்திரி பன்னிரண்டுக்கு ஃபோனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் ஆல்பம் இல்லை. பழைய சிங்கிள் இரண்டும்தான் இருக்கின்றன. பாட்டுப் பெயரைப் போட்டுத் தேடினால் ஆல்பம் வருகிறது, என் அட்டைப்படம், என் குரல், ஆனால் அது உட்கார்ந்திருந்தது என் பெயரே கொண்ட, தெலுங்கில் பக்திப் பாட்டுப் பாடுகிற ஓர் அம்மாவின் பக்கத்தில். மேலே அவர் படம், பட்டுப்புடவை, கையில் தம்புரா. கீழே "சமீபத்திய வெளியீடு" என்று என்னுடைய ராக் ஆல்பம். அவரைப் பின்தொடர்கிற ஆயிரக்கணக்கான பக்தர்களுக்கு அறிவிப்பு போயிருக்கும், எனக்கென்று இருந்த சில நூறு பேருக்கு ஒன்றும் போகவில்லை. சிரிப்பு வந்தது முதலில், பிறகு உட்கார்ந்து அழுதேன். ஒரு வருஷ உழைப்புக்கு முதல் வாரம்தான் எல்லாம், அந்த வாரம் முழுக்க டிஸ்ட்ரிபியூட்டருக்கு மெயில் போட்டால் "உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம்" என்று தானாக வருகிற பதில்தான். கடைசியில், பாடுகிறவர்கள் தங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில் தவறான பக்கத்தில் வந்த பாட்டைத் தெரிவிக்க இருக்கும் படிவத்தை நிரப்பிய பிறகுதான் நகர்ந்தது. மற்ற செயலிகளில் இன்னும் நாளானது.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. டிஸ்ட்ரிபியூட்டரிடம் ஏற்றும்போது பெயரை மட்டும் போடாமல், உங்கள் ஸ்பாட்டிஃபை பக்கத்தின் இணைப்பையும் ஆப்பிள் பக்கத்தின் அடையாள எண்ணையும் கொடுக்க ஓர் இடம் இருக்கும், அதை நிரப்புங்கள். நிரப்பினாலும் நம்பாதீர்கள். மூன்று நாலு வாரம் முன்னாடியே ஏற்றிவிட்டு, ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில் "வரவிருப்பவை" பகுதியில் ஆல்பம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சரியான பக்கத்துக்கு வருகிறது, தெரியாவிட்டால் எங்கேயோ போகிறது, அப்போதே சத்தம் போடுங்கள். அங்கிருந்துதான் பிளேலிஸ்ட் குழுவுக்கு ஒரு பாட்டைப் பரிந்துரைக்க முடியும், அதற்கும் குறைந்தது ஏழு நாள் முன்னாடி செய்ய வேண்டும், செய்தால் உங்களைப் பின்தொடர்கிறவர்களின் ரிலீஸ் ரேடார் என்கிற புதுப் பாட்டுப் பட்டியலில் அந்தப் பாட்டு வரும். அப்புறம் பெயர். நம்மில் பலருக்கும் ஆங்கிலத்தில் எழுதினால் இந்தியா முழுக்க அதே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். நான் இப்போது அப்பாவின் இனிஷியலைச் சேர்த்துக்கொண்டேன், பள்ளிக்கூட ரெஜிஸ்டர் மாதிரி இருக்கிறது என்று தங்கை கிண்டல் செய்கிறாள். ஆனால் தேடினால் நான் ஒருத்திதான் வருகிறேன். பாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரத்துக்கு என்ன போடுவது, நெடிலுக்கு இரண்டு எழுத்தா என்பதை ஒருமுறை முடிவு செய்து, அட்டை, வீடியோ, டிஸ்ட்ரிபியூட்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போடுங்கள். வகை கேட்கும் இடத்தில் தமிழ் என்பது மொழிக்கு, ஆல்டர்நேட்டிவ் அல்லது இண்டி ராக் என்பது வகைக்கு. இரண்டையும் தமிழ் என்றே போட்டால் சினிமாப் பாட்டுக் கடலுக்குள் போய் விழும்.

அந்தத் தெலுங்கு அம்மாவின் தரப்பில் யாரோ ஒருவர் எனக்கு மெசேஜ் செய்தார். கோபமாக இருப்பார்கள் என்று பயந்துகொண்டே திறந்தேன். "மேடத்துக்கு உங்க மூணாவது பாட்டு பிடிச்சிருக்கு, தயவுசெய்து சீக்கிரம் எடுத்துடுங்க" என்று இருந்தது.

யூடியூபில் வேறு கூத்து. என்னுடைய பாட்டு வரி வீடியோவை என் சேனலில் ஏற்றிய மறுநாளே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பெயரில் கன்டென்ட் ஐடி (ஒலியை ஒப்பிட்டு உரிமையாளரைக் கண்டுபிடிக்கும் யூடியூபின் ஏற்பாடு) வழியாக உரிமைக் கோரல். தேடிப் பார்த்தால், ஐந்தாவது பாட்டின் ஆரம்பத்தில் இசைக்கோர்ப்பு செய்த நண்பர் ஒரு சாம்பிள் பேக்கிலிருந்து (விலைக்குக் கிடைக்கும் ஒலித் தொகுப்பு) திரும்பத் திரும்ப ஓடும் தம்புரா லூப் ஒன்றைப் போட்டிருக்கிறார். முறைப்படி வாங்கியதுதான், ஆனால் அதையே வாங்கிய இன்னொருவர் தன் தியான இசையில் போட்டு, மொத்தத்தையும் தன்னுடையது என்று கன்டென்ட் ஐடியில் பதிந்திருக்கிறார். மறுப்பு அனுப்பினால் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். சாம்பிள் பேக் வாங்கிய ரசீதையும் உரிம விதியையும் குறிப்பிட்டு அனுப்பினேன், கடைசி நாள் வரைக்கும் இழுத்துவிட்டுக் கோரலைக் கைவிட்டார்கள். எல்லோருக்கும் விற்கிற லூப் இருக்கும் பாட்டை நீங்களும் கன்டென்ட் ஐடியில் பதியக்கூடாது, டிஸ்ட்ரிபியூட்டர் படிவத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்யாதீர்கள். டிசம்பரில் சபாவுக்குச் சபா தம்புரா மீட்டுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு டாலர் கொடுத்துத் தம்புரா லூப் வாங்கியிருக்கிறோம் என்பது தனி வயிற்றெரிச்சல்.

வெளியான பிறகு இன்ஸ்டாவில் தினமும் ஒரு மெசேஜ், "10,000 ஸ்ட்ரீம் கேரண்டி". நான் ஒருவருக்கும் பணம் கொடுக்கவில்லை. அப்படியும் ஒரு பாட்டு எங்கேயோ ஒரு போலி பிளேலிஸ்ட்டில் ஏறி, ஒரே ராத்திரியில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத ஏதோ வெளிநாட்டு நகரத்திலிருந்து நூற்றுக்கணக்கில் எண்ணிக்கை வந்தது. தங்கள் பிளேலிஸ்ட் நிஜம்போலத் தெரிய, பணம் கொடுக்காதவர்கள் பாட்டையும் இந்தப் போலி பிளேலிஸ்ட்காரர்களே சேர்ப்பார்களாம். 2024-லிருந்து செயற்கை ஸ்ட்ரீம் அப்பட்டமாகத் தெரிந்தால் பாட்டுக்கு இவ்வளவு என்று டிஸ்ட்ரிபியூட்டரிடம் ஸ்பாட்டிஃபை அபராதம் வாங்குகிறது, அவர்கள் அதை நம் தலையில் கட்டலாம், பாட்டையே இறக்கவும் செய்யலாம். எனக்கு எச்சரிக்கை மெயிலோடு நின்றது. காரணம், எண்ணிக்கை ஏறிய அன்றே அந்த பிளேலிஸ்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்பாட்டிஃபைக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் நானே புகார் அனுப்பியிருந்தேன். வாரம் ஒருமுறை எந்த ஊரிலிருந்து, எந்த பிளேலிஸ்ட்டிலிருந்து வருகிறது என்று பார்க்கிற பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் எவ்வளவு வந்தது என்றுதானே கேட்பீர்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குக் காசு என்று 2024-ல் விதி வந்துவிட்டது. என் எட்டில் மூன்று பாட்டுதான் அந்தக் கோட்டைத் தாண்டியது. எல்லாச் செயலியும் சேர்த்து இதுவரை வந்தது இரண்டாயிரத்துச் சொச்சம், இரண்டு செட் கித்தார் கம்பி வாங்கி டீ குடித்தால் சரியாகிவிடும். அமெரிக்க டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் டபிள்யூ-8 பென் என்கிற அமெரிக்க வரிப் படிவத்தைப் பான் எண்ணோடு நிரப்புங்கள். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி ராயல்டிக்கு 15 சதவீதம்தான் பிடிப்பு, நிரப்பாவிட்டால் அங்கே வருகிற பங்குக்கு 30. இன்னொன்றும் பலருக்குத் தெரியவில்லை: டிஸ்ட்ரிபியூட்டர் தருவது ஒலிப்பதிவுக்கான பணம் மட்டும். பாட்டை எழுதியதற்கும் மெட்டமைத்ததற்கும் உள்ள பங்கு வேறு வழியில் வருகிறது, அதற்கு 1969-லிருந்து இருக்கும் ஐபிஆர்எஸ் என்கிற ராயல்டி வசூல் சங்கத்தில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிய வேண்டும். கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் இந்தப் பங்கை யாரும் எழுதி வாங்கிவிட முடியாதபடி காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் காப்பாற்றுகிறது. நமக்கு இருக்கிற உரிமையை நாம்தான் போய்ப் பதிய வேண்டும், வீடு தேடி வராது.

உண்மையில் காசு திரும்பி வந்தது மேடையில்தான். ஆழ்வார்பேட்டைப் பக்கம் நூறு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன இடத்தில் வெளியீட்டு நிகழ்ச்சி, டிக்கெட் 300 ரூபாய், வாசல் வசூலில் பாதி அவர்களுக்கு. டிரம் செட் வாடகை, அதை ஏற்றி இறக்க டாட்டா ஏஸ், சவுண்ட் எஞ்சினியர், வாசித்தவர்களுக்குச் சம்பளம் எல்லாம் போக டிக்கெட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சியது டி-ஷர்ட்டிலும், பாட்டு வரிகளை அச்சடித்து, பாட்டை நேராக விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பின் டவுன்லோடு கோடு ஒட்டிய சின்னப் புத்தகத்திலும். ஒரு புத்தகம் 150 ரூபாய், வாசலில் யூபிஐ ஸ்கேன் அட்டை, தங்கைதான் கடை. கொண்டுபோனது அத்தனையும் தீர்ந்தது. பேண்ட்கேம்ப்பில் விற்றால் டிஜிட்டலுக்கு அவர்கள் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள், வாங்குபவர் ஒப்புக்கொண்டால் மெயில் முகவரி நமக்கு வருகிறது, எனக்கு அந்த முகவரிதான் பெரிது. ரெஸ்ஸோ என்கிற பாட்டுச் செயலி 2024 ஜனவரியோடு இந்தியாவை விட்டுப் போனது, அதே வருஷம் விங்க்கும் மூடப்பட்டது. அங்கே நம்மைப் பின்தொடர்ந்தவர்கள் யார் என்றே நமக்குத் தெரியாது. வாசலில் ஒரு நோட்டு வைத்து மெயில் எழுதச் சொன்னோம், அறுபதுக்கு மேல் வந்தது, கையெழுத்து புரியாதவை போக.

ஆக நாலு லட்சத்தில் கைக்குத் திரும்பியது எல்லாம் சேர்த்து எழுபதாயிரம் பக்கம். மிச்சம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, வட்டி இல்லாத என் சொந்தக் காசு என்பதால் தூக்கமும் கெடவில்லை. கடன் வாங்கிச் செய்ய நினைப்பவர்கள் ஆல்பத்துக்குப் பதில் முதலில் மூன்று பாட்டு மட்டும் போட்டுப் பாருங்கள், மேலே எழுதிய அத்தனைக் கூத்தும் அதிலேயே வந்துவிடும், செலவு பாதிக்கும் கீழே. டாட்டா ஏஸ் மட்டும் இறக்குகிற நேரத்துக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள், ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வெயிட்டிங் சார்ஜ் போடுகிறார்கள்.